நடக்காத முகாமுக்கு ஒரு கையெழுத்து

ரங்கத், அந்தமான்,
டிசம்பர் 8, ஞாயிறு.

அன்பு மகள் நளினிக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம் என்று முதல் வரியில் எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். உன் அம்மாவின் சர்க்கரையும் என் வலது முழங்காலும் அதை ஒத்துக்கொள்ளுமா தெரியாது. நாக்பூர் குளிரில் காதை மூடிக்கொண்டு டூட்டிக்குப் போகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, எங்களுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். போன் இருக்கும்போது அப்பா ஏன் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய். என்னோடு பவர்ஹவுஸில் வெல்டராக இருந்து போன வருடம் ரிட்டயர் ஆன செபஸ்தியான் மாமா நாளை மறுநாள் கப்பலில் சென்னை போகிறார், அங்கிருந்து ரயிலில் ஜான்சிக்கு, பட்டாளத்தில் இருக்கும் மகனைப் பார்க்க. வண்டி உன் ஊர் வழியாகத்தான் போகிறது. அம்மா ஒரு பார்சல் கட்டுகிறாள், அதோடு கடிதமும் போகட்டும் என்று உட்கார்ந்தேன். இன்னொரு காரணமும் உண்டு. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் சொன்னால் நடுவில் லைன் அறுந்துவிடும், அறுந்த இடத்தில் நான் நல்லவனாகவே நின்றுவிடுவேன். காகிதத்தில் அந்த வசதி இல்லை.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். உன் தம்பி ஈஸ்வரன் ஹேவ்லாக் தீவில் டூரிஸ்ட் சீசன் என்று சொல்லி இரண்டு மாதமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. ரிசார்ட்டில் இவன் இல்லாவிட்டால் கடலே வற்றிவிடும் என்பது போலப் பேசுகிறான். அக்டோபர் புயல் மழையில் பின்பக்கத்துச் சமையல்கட்டின் தகரம் இரண்டு பறந்துபோய் பக்கத்துப் பாக்குத் தோப்பில் விழுந்தது, எடுத்து வந்து அடித்துவிட்டேன், அடித்தது நான் என்பதால் இன்னும் ஒரு மூலையில் ஒழுகுகிறது. அம்மா அந்த இடத்தில் ஒரு வாளியை வைத்து அதற்கு என் பெயரை வைத்திருக்கிறாள். "சிவப்பிரகாசம் ரொம்பிட்டாரு, கொஞ்சம் ஊத்திட்டு வாங்க" என்கிறாள். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், ஆனால் மாத்திரை போட்ட தைரியத்தில் ரசகுல்லாவும் சாப்பிடுகிறாள். நீ ஒரு நர்ஸாக இரண்டு வார்த்தை சொல். நான் சொன்னால் என் தொப்பையைப் பார்க்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது உன் பள்ளிக்கு ஸ்கவுட் மாஸ்டர் கிடைக்காமல் அப்போதைய ஹெட்மாஸ்டர் பெற்றோர்களைக் கூட்டிக் கேட்டார். பத்தாம் வகுப்போடு நின்றவன், ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகியவன் என்ற ஒரே தகுதியில் நான் கையைத் தூக்கினேன். ஒரு வருடம்தான் என்றார்கள். பதினேழு வருடம் ஆகிறது. நீ படித்து முடித்துப் போய்விட்டாய், நான் இன்னும் அதே பள்ளியில் இருக்கிறேன். சனிக்கிழமை மூன்று மணியானால் காக்கி போட்டு, கழுத்தில் ஸ்கார்ஃப் சுற்றி, விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு கடைத்தெரு வழியாக நடக்கிறேன், பெங்காலிப் பிள்ளைகள் முதல் ராஞ்சிப் பிள்ளைகள் வரை "சீட்டி சார் ஆ கயா", விசில் சார் வந்துவிட்டார் என்று ஓடுகிறார்கள். சம்பளம் இல்லாத வேலைக்கு லீவும் இல்லை என்பது சேரும்போது யாரும் சொல்லாத சட்டம். முன்பெல்லாம் பெற்றோர் பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள். இப்போது விட்டுவிட்டு நின்று கேட்கிறார்கள், இதற்கு எத்தனை மார்க், இது எந்த அட்மிஷனுக்கு உதவும், என் பையன் ஏன் பேட்ரோல் லீடர் இல்லை. கூடாரம் மூன்றில் இரண்டு கிழிசல். கயிறு முடிச்சுச் சொல்லிக் கொடுத்தால் போனில் படம் எடுத்துக்கொண்டு, "அப்புறம் பாத்துக்கறோம் சார்" என்கிறார்கள். நான் அலுத்துக்கொள்கிறேன் என்று நினைக்காதே. அலுத்துத்தான் போயிருக்கிறேன், அதைச் சொல்லக் கூச்சமாக இருப்பதால் பிள்ளைகள் மேல் போடுகிறேன்.

இந்த வருடம் ஆறு பையன்கள் ராஜ்ய புரஸ்கார் விருதுத் தேர்வுக்குத் தயாராக இருந்தார்கள். ஜனவரியில் போர்ட் பிளேரில் தேர்வு (ஊருக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள், என் கைக்கு இன்னும் பழகவில்லை). அதற்குப் போக வேண்டுமென்றால் ஒவ்வொருவனும் ஒரு இரவு கூடாரத்தில் தங்கி, தானே அடுப்பு மூட்டிச் சமைத்து, காலையில் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு வந்தான் என்று நான் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை ஆம்குஞ்ச் கடற்கரையில் முகாம் என்று வைத்தோம். பாரம் போய்ச் சேரக் கடைசி நாளோ அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. இங்கே எப்படி என்று உனக்குத் தெரியும். காகிதம் போக வேண்டுமென்றால் வியாழன் விடிகாலை பஸ்ஸில் தெரிந்த ஆள் யாராவது போக வேண்டும், பஸ் ஜாரவா பழங்குடிக் காட்டைப் போலீஸ் காவலோடு கடக்கும் கான்வாயில் சேர வேண்டும், அப்புறம் படகு. அதனால் நம் தீவில் பாதிக் காரியம் காகிதத்தில் முதலில் நடந்துவிடும், ஆள்கள் பின்னால் போய் அதைச் செய்து முடிப்போம். நானும் பதினேழு வருடமாக அப்படித்தான், முகாமுக்கு இரண்டு நாள் முன்பே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, சொன்னபடி முகாமையும் நடத்திவிடுவேன். இந்தத் தடவையும் ஆறு பாரத்திலும் போட்டேன். கூடவே முகாம் அறிக்கை ஒன்று வைக்க வேண்டும். பள்ளி ஆபீஸில் டைப் செய்யும் பெண்ணிடம் போன வருடத்து அறிக்கையைக் கொடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றம்மா என்றேன். மாற்றிக் கொடுத்தாள், அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் புயல் எச்சரிக்கை வந்தது. கப்பல் நின்றது, படகு நின்றது, பள்ளிக்கு லீவு விட்டார்கள். முகாமும் இல்லை. சனிக்கிழமை ஊரே இருட்டில் கிடந்தது, நான் பவர்ஹவுஸை விட்டு நகரவில்லை, நம் வீட்டுத் தகரம் பறந்ததும் அன்றைக்குத்தான். சரி, அடுத்த வாரம் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல், அதற்கடுத்த வாரம் பிள்ளைகளுக்குப் பரீட்சை, அப்புறம் எனக்கே மறந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். மறக்கவில்லை. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் வேறு ஏதாவது வேலை செய்தேன். மாதக் கடைசியில் லிஸ்ட் வந்தது, ஆறு பெயரும் தேர்வுக்கு ஏற்கப்பட்டிருந்தன. எங்கள் அறிக்கை நன்றாக இருந்தது என்று ஒரு வரிப் பாராட்டு வேறு. அப்போதுதான் நான் அனுப்பிய அறிக்கையின் நகலை எடுத்து முதல் தடவையாகப் படித்தேன். "இரவு வானம் தெளிவாக இருந்தது, சாரணர்கள் நட்சத்திரங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினர்" என்று இருக்கிறது. எந்த இரவு என்று பார்த்தாயா. வடக்கு அந்தமானிலிருந்து நிக்கோபார் வரை ஒரு கப்பல் அசையாத இரவு. எழுதியவனும் படிக்கவில்லை, வாங்கியவரும் படிக்கவில்லை. நான் சிரித்தேன் நளினி, அதை மறைக்காமல் சொல்கிறேன். அம்மாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன், அவளும் சிரித்தாள்.

சிரிப்பு நின்றது நவம்பர் முதல் வாரம். கான்ட்ராக்டர் கோவிந்தராஜ் மகன் சுதாகரை உனக்குத் தெரியும், நீ போகும்போது ஒல்லியாக இருந்தான், இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. வயசுக் கணக்கில் இந்த விருதுக்கு அவனுக்கு இதுதான் கடைசி வருடம். தேர்வில் நேர்காணல் உண்டு. கூட்டம் முடிந்து கொடியை இறக்கி மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டான், "சார், அங்க காம்ப் பத்திக் கேட்டா என்ன சொல்லணும், நாங்க போனோமா போகலையா" என்று. குறும்பாகக் கேட்கவில்லை. பரீட்சையில் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று கேட்பது மாதிரி கேட்டான். மற்ற ஐந்து பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் "போனோம்னு சொல்லுங்க" என்றேன். "சரி சார்" என்றார்கள் ஆறு பேரும். அவ்வளவுதான். சாரணன் சொல்லை நம்பலாம் என்பதுதான் எங்கள் முதல் விதி, அதை வாரா வாரம் அவர்களை உரக்கச் சொல்ல வைப்பவன் நான். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் பிள்ளைகள் சீட்டி சார் என்று கத்தினார்கள், விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஒரு வாரம் இழுத்தேன். பிறகு மேலே உள்ள ஸ்கவுட் ஆபீஸுக்கு, முகாம் நடக்கவில்லை, நடக்கும் முன்பே கையெழுத்துப் போட்டது என் தவறு, பையன்கள் மேல் தவறில்லை என்று எழுதி அனுப்பினேன். எழுதியபோது பெரிய பாரம் இறங்கினது போல இருந்தது. அந்தச் சுகம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. அங்கிருந்து ஒருவர் போன் செய்தார், நல்ல மனிதர், என்னைவிடக் களைத்த குரல். "மாஸ்டர்ஜி, யே கியா கர் தியா ஆப்னே" என்றார், இப்படிச் செய்துவிட்டீர்களே என்று. எழுதாமல் இருந்திருந்தால் ஒன்றுமில்லை, எழுதிவிட்டதால் இனி ஆறு பெயரையும் நிறுத்திவைக்க வேண்டும், டிசம்பர் முதல் வாரத்துக்குள் நிஜமாகவே முகாம் நடத்தி, தங்கினவன் பாரத்தை மட்டும் திரும்ப அனுப்புங்கள், சேர்த்துக்கொள்கிறோம் என்றார். அவரால் முடிந்ததை அவர் செய்தார்.

பெற்றோர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். என் பெருமையை அன்றைக்கு நீ பார்த்திருக்க வேண்டும், அவர்களுடைய பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மடங்காமல் உட்கார்ந்து குற்றத்தை ஒப்புக்கொண்டேன். மளிகைக்கடை பெங்காலிக்காரர் "கோயி பாத் நஹி", பரவாயில்லை என்று தட்டிக்கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனார். கோவிந்தராஜ்தான் எழுந்திருக்கவில்லை. "சார், ரோடு முடிஞ்சதுன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் இங்க ஜல்லியே எறக்குவாங்க. உங்களுக்கு மட்டும் என்ன புதுசா வந்துச்சு" என்றார். பாலிடெக்னிக் சீட்டுக்கு அந்தச் சான்றிதழ் உதவும் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள், மெயின்லேண்டில் சீட் வாங்கிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உனக்கு நர்சிங் சீட்டுக்காக நான் எத்தனை ஆபீஸில் நின்றேன் என்று எனக்குத் தெரியும். ஈஸ்வரனிடம் போனில் சொன்னேன், அவன் "அப்பா, காந்தி ஆகணும்னு முடிவு பண்ணா பவர்ஹவுஸ்ல ஆகுங்க, அடுத்தவன் புள்ள சர்டிபிகேட்ல ஆகாதீங்க" என்றான். கோபம் வந்தது. அதில் உண்மை கொஞ்சம் இருந்ததால் கூடுதலாக வந்தது.

போன மாதம் முப்பதாம் தேதி சனிக்கிழமை ஆறு பேரையும் ஆம்குஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காலையில் நல்ல வெயில். கிழியாத ஒரு கூடாரத்தையும் தைத்த இரண்டையும் போட்டோம். சுதாகர்தான் முதலில் அடுப்பு மூட்டினான், சோறும் பருப்பும் அவன் செய்ததுதான், உப்பு கூடுதல், ஆனால் சாப்பிட முடிந்தது. இருட்டினதும் மழை பிடித்தது. பெரிய மழை இல்லை, டிசம்பரை ஒட்டி இங்கே பெய்யும் மழைதான், கூடாரத்துக்குள் குந்திக்கொண்டு இருந்துவிடலாம். ஏழு மணி இருக்கும், ஜீப் வெளிச்சம் வந்தது. கோவிந்தராஜ் குடை பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். பையனுக்குச் சளி பிடித்தால் பரீட்சை போய்விடும், பக்கத்து ஓடையில் முதலை பார்த்ததாகச் சொல்கிறார்கள், அவன் அம்மா வீட்டில் அழுகிறாள், கூட்டிக்கொண்டு போகிறேன், விடிவதற்கு முன்னால் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். நான் சொன்னேன், ஒரு இரவு தங்குவதுதான் இதில் கணக்கு, போனால் கையெழுத்துப் போட முடியாது என்று. அவர் "ராத்திரி தூங்கத்தானே போறாங்க சார், எங்க தூங்கினா என்ன" என்றார். சுதாகர் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினான். அவனால் வேறு என்ன செய்ய முடியும். காலை ஐந்து மணிக்குச் சொன்னபடி வந்து இறங்கினான். மற்றவர்களோடு சேர்ந்து அடுப்புக் குழியை மூடினான், குப்பை பொறுக்கினான், கொடிக்கு சல்யூட் அடித்தான்.

புதன்கிழமை ஆறு பாரத்தையும் மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்தில் போட்டேன். ஆறாவதை எடுத்தேன், வைத்தேன், டீ குடித்தேன், மறுபடி எடுத்தேன். மாலையில் இருந்தான், காலையில் இருந்தான், அடுப்பு மூட்டினதில் அவன்தான் முதல். நடுவில் பத்து மணி நேரம் இல்லை. முகாமே நடக்காதபோது யோசிக்காமல் போட்டவனுக்கு இது எவ்வளவு சின்னக் கையெழுத்து என்று நினைத்துப் பார். அம்மா வந்து பார்த்துவிட்டு, "அக்டோபர்லயே மழை வரும்னு நான் சொன்னேன், நீங்கதான் கேக்கல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது ஒன்றுக்கும் உதவவில்லை, ஆனால் நிஜம். வியாழன் பஸ்ஸில் ஐந்து பாரம் போனது. ஆறாவது என் மேஜை டிராயரில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கோவிந்தராஜ் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அம்மா டீ கொண்டுவந்தாள், "வேணாம்மா" என்றார். வாசலில் நின்றபடியே, "அன்னிக்கு வராதவனுக்கு வந்தான்னு எழுதினீங்க. இன்னிக்கு வந்தவனுக்கு வரலைங்கறீங்க. ரெண்டும் உங்க பேனாதான் சார்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் மனைவி ரூபாவும் உன் அம்மாவும் வெள்ளிக்கிழமை தோறும் சேர்ந்துதான் கோயிலுக்குப் போவார்கள். இந்த வெள்ளி அம்மா தனியாகப் போய்விட்டு வந்து, பூவை வைத்துவிட்டு, நேராகச் சமையல்கட்டுக்குள் போனாள்.

விதியைக் காப்பாற்றிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்த என்னால் முடியவில்லை. அக்டோபரில் நான் அந்தக் கையெழுத்தைப் போடாமல், முகாம் இன்னும் நடக்கவில்லை, ஒரு மாதம் தவணை கொடுங்கள் என்று அன்றைக்கே கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நிதானமாக ஒரு நல்ல நாள் பார்த்து முகாம் வைத்திருப்பேன், கோவிந்தராஜுக்கும் பயம் இருந்திருக்காது, பையனும் தங்கியிருப்பான். அவன் கையில் இல்லாததைக் கொடுத்தது நான், கொடுத்ததைப் பிடுங்கினதும் நான், நடுவில் அவன் செய்த தப்பு அவன் அப்பா சொன்னதைக் கேட்டது மட்டும்தான். எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று ஹெட்மாஸ்டருக்கு ஒரு கடிதமும் எழுதினேன். ஆனால் இப்போது விட்டால் கோவிந்தராஜுக்குப் பதில் சொல்லாமல் ஓடினவனாகிவிடுவேன் என்று கிழித்துப் போட்டேன். நேற்று சனிக்கிழமை, பதினாறு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். சுதாகர் வரவில்லை. அவன் வீட்டுக்கு நாளைக்கு நானே போகிறேன். அப்பாவிடம் இல்லை, அவனிடம். போனோம்னு சொல்லுங்க என்று அன்றைக்கு நான் சொன்னதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த வீட்டு வாசலில் அதைச் சொல்ல விடுவார்களா, அவன் கேட்பானா, தெரியாது. யார் மூலமாகவாவது இந்தக் கதை உன் காதுக்கு வரும்போது என் வாயால் நீ முதலில் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். எனக்கு நீ ஆறுதல் சொல்ல வேண்டாம். நீ சொன்னால் நான் நம்பிவிடுவேன்.

பார்சலில் நெத்திலிக் கருவாடு, தேங்காய் எண்ணெய், எலுமிச்சை ஊறுகாய், அம்மா பின்னிய ஒரு மஃப்ளர் இருக்கிறது. கருவாட்டை ஐந்து சுற்றுச் சுற்றியிருக்கிறோம், இல்லாவிட்டால் ரயிலில் மாமாவை இறக்கிவிடுவார்கள். சென்னையில் ஏறினதும் கோச் நம்பரைப் போனில் சொல்வார். உன் ஊரில் வண்டி சில நிமிஷம்தான் நிற்கும், முன்கூட்டியே பிளாட்பாரத்துக்கு வந்து நில், கையில் ஒரு பெரிய பை கொண்டு வா. மாமாவுக்குக் குடிக்க வெந்நீரும், முடிந்தால் நாலு சப்பாத்தியும் கட்டிக் கொடு, வெளிச் சாப்பாடு அவருக்கு ஆகாது.

கடைசியாக ஒன்று. வார்டில் சில பேர் ரவுண்டு போகும் முன்பே நோயாளியின் சூட்டையும் பிரஷரையும் சார்ட்டில் எழுதி வைத்துவிடுவார்கள், நேற்று இருந்ததுதானே இன்றைக்கும் இருக்கும் என்று, அதை நீ ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாய். பக்கத்தில் யார் செய்தாலும், எவ்வளவு வேலை இருந்தாலும், கட்டிலுக்குப் போய், தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு எழுது. நீ அப்படிச் செய்கிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் அப்படிச் செய்கிறவன் இல்லை என்றுதான் எனக்கும் தெரிந்திருந்தது.

நீ உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், தொட்ட கை ராசியானது என்று நோயாளிகள் சொல்லும்படி நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் ஆசீர்வாதமும் என்னுடையதும் எப்போதும் உனக்கு உண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா,
ப. சிவப்பிரகாசம்.